மலைக்கு முந்திய ஐந்து நிமிடம்

பழைய, சிறிய கணினி ஒன்றைக் கொண்டு ஒரு வீட்டை ஆண்டுக்கணக்கில் பிழையின்றி நடத்த முடியும் என்பதை நான் நிரூபித்தேன். இதை என் வாயால் சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆயினும் கல்லூரியில் என்னோடு இயற்பியல் கற்பித்தவர்களும், வேங்கிக்கால் பக்கம் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களும் அதற்குச் சாட்சி. அந்தப் பிழையின்மை எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்லூரி கழித்துப்போட்ட கணினி ஒன்றை முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கிவந்தேன். அதற்கு வன்தட்டு கிடையாது; ஒரே ஒரு ஃபிளாப்பி. அச்சுப்பொறிக்கான துளையில் மின் இணைப்பைப் போட்டு அணைக்க நானே பற்றவைத்த ரிலே பலகையைச் செருகினேன். நான் எழுதிய நிரலின்படி, குறித்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரும் ஒவ்வொரு அறையின் விளக்கும் தாமாகவே இயங்கி நின்றன. சுவரில் கைச் சுவிட்சுகளையும் விட்டுவைத்திருந்தேன். கருவிக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்றால் அது நேரத்தை மறந்துவிடும். மீண்டும் வந்ததும் நாம்தான் தட்டச்சு செய்து சொல்ல வேண்டும். வானொலியில் செய்திக்கு முன் வரும் ஒலிக்குறியைக் கேட்டு, நொடி பிசகாமல் கொடுப்பது என் வழக்கம்.

என் மனைவி எட்டாம் வகுப்புவரை படித்தவள். எங்கள் தெருவில் அப்போது மாதம் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எந்தப் புதுமனை புகுவிழாவானாலும் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்ற அவளைத்தான் அழைப்பார்கள். அவள் கை ராசி என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பெருமை இருந்தது.

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் தீபம் தெரியும்வரை எந்த வீட்டிலும் விளக்கு ஏற்ற மாட்டார்கள். மின்விளக்கைக்கூட அணைத்துவிட்டு மாடியில் நின்று மலையையே பார்த்திருப்பார்கள். கருவி வந்த மறு வருடம், மலைத் தீபம் ஏற்றும் அதே ஆறு மணிக்கு வாசலிலும் மாடிச் சுவரிலும் வரிசை விளக்குகள் எரியும்படி நிரலில் எழுதியிருந்தேன். அதைத் தெருவில் நான்கு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அன்று பிற்பகல் மின்சாரம் போயிற்று. ஐந்து மணிக்குமேல்தான் வந்தது. அதற்குள் எதிர்வீட்டார் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். வானொலிக்குக் காத்திருக்க நேரமில்லை என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தட்டினேன். வகுப்புக்குப் பிந்தக்கூடாது என்பதற்காக அந்தக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருப்பவன் நான். அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

மலை இருட்டாக இருந்தது. ஊரே இருட்டாக இருந்தது. எங்கள் வீடு மட்டும் ஒளிர்ந்தது.

எதிர்வீட்டு அம்மாளின் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் சிரித்தபடியே கேட்டார்: “என்னா சார், மலைய விட உங்க மிஷினுக்கு அவசரம் ஜாஸ்தியா?”

அடுத்தடுத்த மாடிகளிலிருந்தும் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் எனக்குக் கணத்தில் விளங்கிவிட்டது. ஆனால் நாக்கு வேறொன்று சொன்னது.

“மிஷின் தப்பு பண்ணாதுங்க. கீழ அவதான் சுவிட்ச தட்டியிருப்பா.”

அகல்களை அடுக்கிய தட்டோடு மாடிப்படியின் கடைசிப் படியில் அவள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே போய், எரிந்த விளக்குகளை அணைத்துவிட்டு வந்தாள். அவள் கை ஒரு சுவிட்சைத் தொட்டது அதுவே கடைசி.

அதை நான் உணர ஒரு வாரம் ஆயிற்று. கல்லூரியில் ஒரு கூட்டம் முடிந்து பொழுது சாய்ந்தபின் வந்தேன். கூடத்து விளக்குக்கு நிரலில் இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவள் இருட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“லைட்டு போட்டுக்கக் கூடாதா?”

“மிஷின் போடட்டுங்க. நான் தொட்டாத்தானே தப்பாயிடுது.”

குரலில் கோபம் இல்லை. அதன்பின் ஒருமுறைகூட அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதுமனை விழாக்களுக்கு அவளை அழைத்தார்கள், சாப்பிட உட்காரவைத்தார்கள், முதல் திரிக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் கைகட்டிப் பின்னால் நிற்பதைக் கண்டும் காணாதவன்போல் நானும் நின்றிருக்கிறேன்.

எதிர்வீட்டுக்கு நடந்து போக எனக்கு அரை நிமிடம் ஆகும். ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த அரை நிமிட நடைக்குப் பதிலாகப் பத்து ஆண்டுகள் கருவியைச் செப்பனிட்டேன்.

அது தவறினால் அவள் இருட்டில் இருப்பாள் என்பதால் அது தவறக்கூடாததாயிற்று. லாரி பேட்டரி ஒன்றை இணைத்தேன். மின்சாரம் போனாலும் நேரம் போகாது. அதே வகைக் கணினி இன்னொன்றைத் தேடிப் பிடித்து மாற்றாக வைத்தேன். மாதந்தோறும் ஃபிளாப்பியைப் புதிதாகப் படியெடுத்தேன். பின்னாளில் எல்லோரும் இணையம் வாங்கியபோது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராத கருவியே நம்பத்தக்கது என்று சொல்லி மறுத்தேன். இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகள் குழம்பும் என்று பேச்சு வந்தது. மாற்றுக் கணினியில் தேதியை முன்னுக்குத் தள்ளி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் எப்போது எழுகிறாள், எப்போது குளிக்கிறாள், பூஜையறையில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கவனித்து நிரலில் எழுதினேன். மணவாழ்வின் முதல் இருபது ஆண்டுகளில் அவளை நான் இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. அவளும் கருவிக்கேற்ப நடக்கப் பழகினாள். சில நாள் அவள் ஒரு நிமிடம் முந்திவிடுவாள். இருண்ட அறையின் வாசற்படியில் அசையாமல் நிற்பாள். உள்ளே விளக்கு எரிந்ததும் நுழைவாள். அப்படி அவள் நிற்பதைப் பின்னாலிருந்து பார்க்கும்போது, இந்த வீட்டில் குடியிருப்பது உயிருள்ள ஒருத்திதானா என்று எனக்குத் திகைப்பு உண்டாகும்.

ஒரு மாலை, நிரலிலிருந்து சமையலறை விளக்குக்கான வரியை வேண்டுமென்றே நீக்கினேன். எத்தனை நேரம் பொறுப்பாள் என்று பார்க்க விரும்பினேன். அவள் அடுப்பின் வெளிச்சத்திலேயே குழம்பைக் கூட்டினாள். அது வெந்து இறங்கியபின் அந்த வெளிச்சமும் இல்லை. பாத்திரம் உரசும் ஓசை மட்டும் வந்தது. முக்கால் மணி நேரத்துக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வரியைத் திரும்பச் சேர்த்தேன். இருவரும் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.

இதற்கிடையே என் பெயர் பரவியது. மாணவர்களும் பொறியாளர்களும் கருவியைப் பார்க்க வந்தார்கள். ஒருவர், காப்பி கொடுத்த அவளிடம் கேட்டார்: “அம்மாவுக்கு ரொம்ப சௌகரியம், இல்லீங்களா?”

“ஆமாங்க. சுவிட்ச தொடவே வேணாம்” என்றாள்.

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஐந்து நாள் காய்ச்சலில் அவள் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்தார். விடியற்காலையில் ஆளில்லாத எங்கள் சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது என்றார். அந்த நேரங்களை நான் நிரலிலிருந்து எடுக்கவில்லை. அப்போதுதான், பத்து ஆண்டுகளுக்குமேல் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன்.

“அன்னிக்குத் தீபத்தன்னிக்கு லைட்டு எரிஞ்சது அவளால இல்லீங்க. மிஷின்தான். நேரம் தப்பா குடுத்தது நான்.”

அவர் என்னைப் பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன.

“சார், மறுநாளே அக்கா எங்க வீட்டுக்கு வந்தாங்க. ‘நாந்தான் கை தவறித் தட்டிட்டேன், மன்னிச்சிடுங்க, அவரு மிஷின ஒண்ணும் சொல்லாதீங்க’ன்னு எங்க மாமியார் கால்ல விழுந்தாங்களே. இப்ப போயி உங்க மேல போட்டுக்கிறீங்களே.”

இது எனக்குத் தெரியாது.

“அவ பொய் சொல்லியிருக்கா” என்றேன்.

“அக்காவா? அந்த வாயில பொய் வந்து இந்தத் தெருவுல யாரும் கேட்டதில்ல சார். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க.”

எழுந்து போனவர், வாசலில் நின்ற தன் கணவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது: “பாத்தீங்களா? போன பொண்டாட்டி பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு சாரு. உங்களுக்கும் இருக்குதே ஒரு மனசு!”

அதற்கு அவர், “நீ இருக்கும்போதே எல்லாப் பழியும் எம்மேலதான்” என்றார். இருவரும் மெல்லச் சிரித்தபடி தெருவைக் கடந்தார்கள்.

அடுத்த வாரம், கல்லூரியில் என்னோடு பணியாற்றிய நண்பரிடம் சொன்னேன். பிறகு கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்தவரிடமும் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றிக் காட்டி, ஐந்து நிமிடக் கணக்கை விளக்கினேன். இருவருமே என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாள் கொடுத்துவைத்தவர் என்றார்கள். மறுக்க மறுக்க என் பெயர் உயர்ந்தது. எழுத்தில் வைத்தால் நம்புவார்கள் என்று எண்ணி இதை எழுதி, முதலில் அந்த நண்பருக்கே படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எவ்வளவு அன்பு சார் உங்களுக்கு” என்றார்.