மழையில் மணத்த மரம்

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டி இருந்த ஒரு மரக்கிடங்கில் அப்பாவுக்கு வேலை. லாரியில் வரும் மரத்தடிகளை அளந்து எழுதுவார். சனிக்கிழமைகளில் அவருக்குச் சோறு கொண்டுபோவது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. புதிதாக வந்த தடிகளின் மேல் ஆட்கள் செம்மண்ணைக் குழைத்துப் பூசினார்கள். யானையைக் குளிப்பாட்டுவது தெரியும். மரத்தைச் சேற்றில் குளிப்பாட்டுவது எதற்கு? அப்பாவிடம் கேட்டேன்.

"வெயில்ல வெடிக்காம இருக்கத்தான்" என்றார். வெளியே பருவமழை, அங்கே சொல்கிற இடவப்பாதி மழை, கொட்டிக்கொண்டிருந்தது.

வாரம் ஒருமுறை வனத்துறை அதிகாரி வருவார். முதலாளியின் அறையில் சாயா குடித்து, தடிகளின் பக்கம் திரும்பாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தச் சனிக்கிழமை அவருடன் வனக் காவலுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு ஃபாரஸ்ட் கார்டும் வந்தான். மெலிந்த இளைஞன். சாயாவைத் தொடாமல், குடையை விரித்துக்கொண்டு தடிகளுக்கு நடுவே போனான். நானும் பின்னாலேயே போனேன்.

மழை செம்மண்ணைக் கரைத்திருந்தது. அடியில் மரம் ஊதாக் கறுப்பாகத் தெரிந்தது. அவன் கத்தியால் சிறிது சீவி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். ரோஜாப்பூ போல ஒரு மணம்.

"மோளே, பேப்பர்ல இதெல்லாம் மாமரம்னு எழுதியிருக்கு. மாமரத்துக்கு இந்த மணம் உண்டோ?"

"இல்லை சேட்டா. எங்க வீட்டு மாமரம் இப்படி மணக்காது. பின்னால ஷெட்ல இன்னும் நிறைய இருக்கு, வாங்க காட்டுறேன்."

காட்டினேன். ஒவ்வொரு தடியையும் பாவாடையால் துடைத்துவிட்டேன். அத்தனையும் ஈட்டி மரம், வெட்டவே கூடாத காட்டு மரம் என்று அவன்தான் சொன்னான். சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். கண்டுபிடிப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதில் கால் தரையில் பாவவில்லை. ஷெட் வாசலில் அப்பா வந்து நின்றதைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

அதற்குள் வெளியே வந்திருந்த அதிகாரி குடைக்குள் நின்றபடியே சொன்னார்: "மழையில எல்லா மரமும் கறுப்பாத்தான்டா இருக்கும்."

"மழை பெஞ்சா மணமும் மாறுமோ, சாரே?" என்றான் அவன்.

அதிகாரி முதலாளியின் அறைக்குத் திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் நான் போனபோது ஷெட் காலியாக இருந்தது. தடிகளெல்லாம் வள்ளங்களில் ஏறித் துறைமுகத்துக்குப் போய்விட்டன என்றார்கள். அதிகாரி வழக்கம்போல உள்ளே சாயா குடித்துக்கொண்டிருந்தார். கார்டு சேட்டனைக் காணவில்லை.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் விசாரித்தேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "அவனை மாத்திட்டாங்க. மலை மேல, பெரிய காட்டுக்கு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இங்கே வெட்டிய மரங்களை மட்டும் பார்த்தவனுக்கு இனி நிற்கிற மரங்களே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். "நான் காட்டிக்கொடுத்ததாலதானே அப்பா, அவருக்கு ஒரு காடே கொடுத்துட்டாங்க?" என்றேன். திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரிடமும் சொல்லப்போவதாகவும் சொன்னேன்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் போய்விட்டார். மீன்குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.