அவசரத்தில் கொடுத்த அசல் சான்றிதழ்கள்

விளாங்குடியில் வசிக்கிறேன். அப்போது மகளுக்கு மூன்று வயது. சர்வதேச உறவுகள் முதுகலைக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பித்திருந்தேன். ஒரு கல்லூரியிலிருந்து வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள். "பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள சேந்துரும்மா" என்றார் மாமியார். பாடத்திட்டத்தைக்கூடப் பார்க்காமல் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டேன்.

பிறகு பார்த்தால் பெரும்பாலும் பொது நிர்வாகம். வெளியுறவு பற்றி இரண்டே தாள்கள். மறுவாரம் நான் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மறுநாளே அசலோடு வரவேண்டுமாம்.

கல்லூரி அலுவலகத்தில் திருப்பிக் கேட்டேன். "அம்புட்டு லேசாத் தர முடியாதும்மா. நீங்களாத்தான வந்து கையெழுத்துப் போட்டீங்க? ரெண்டு வருசம் படிச்சு முடிச்சிட்டு வாங்கிக்கங்க" என்றார் எழுத்தர். மாமியாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இடுப்பில் மகள் அழ, முதல்வர் அறை வாசலிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த முதல்வர் விசாரித்துவிட்டு, எழுத்தரிடம் "அசலை வச்சுக்க நமக்கு உரிமை இல்லப்பா, குடுத்துருங்க" என்றார். மறுநாள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன்.

இப்போது எங்கே போனாலும் அசலைக் காட்டிவிட்டு நகலைத்தான் கொடுக்கிறேன். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழை விடாமல் பிடித்திருந்தேன். "தூக்கிக்கிட்டா ஓடப்போறோம்?" என்று அங்கிருந்த ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன், பிடியை மட்டும் விடவில்லை.