கேத்தியில் கறுப்பு, காணையில் வெறும் இலை

ரோஜாவுக்கு ஊர் மாறினால் நிறம் மாறும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் பூ வெட்டினேன். ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியின் தோட்டத்தில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். விறகுக் கொட்டகையில் படுக்கை, கம்பளி கிடையாது, சாக்குதான். அந்த விடுதியில் கருஞ்சிவப்பு ரோஜா ஒன்று இருந்தது. இரவில் குளிர் ஏற ஏற அதன் பூ நாவல்பழத் தோல் மாதிரி கறுக்கும். அதே செடியின் கிளைக் கன்றை ஓசூரில் பார்த்தேன், பீட்ரூட் நிறம். பிறகு திண்டிவனத்துக்கு வந்து சாலையோர நர்சரி ஒன்றில் ஒட்டுக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கேயும் அது இருந்தது. மார்கழியில் மட்டும் ஏதோ கொஞ்சம் கறுக்கும். பங்குனியில் இதழ் ஓரம் தீய்ந்து, நடுவில் சாயம் போன ரவிக்கைத் துணி மாதிரி விரியும். வாங்க வருகிறவர்கள் அட்டையில் இருக்கும் படத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வெயில் என்று மேலே கையைக் காட்டுவேன்.

அந்த நர்சரிக்கு ஒரு கார்த்திகை மாதம் காணையிலிருந்து ஒருவன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கரும்பு போடுகிறவன். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு ரோஜாக் கிளையை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு இலை, கரும்பச்சை. பூச்சி இல்லை, நோய் இல்லை.

“ஆறு வருசமா ஒரு பூவு வெக்கல ணா. மாட்டுக்கு அறுத்துப் போடலாம், அப்படி இலை வுடுது. வந்து பாக்கறியா?”

நான் இருபது ஊர் சுற்றியவன், எதற்கும் போய்ப் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய் இறங்கி, அவன் வண்டியில் காணைக்குப் போனேன்.

செடியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. போர் தண்ணீர் விழுகிற தொட்டிக்குப் பக்கத்தில், வாய்க்கால் முனையில் இருந்தது. மோட்டார் போடும்போதெல்லாம் அதன் காலடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கரும்புக்கு யூரியா போடும் நாட்களில் இதற்கும் மறக்காமல் இரண்டு கைப்பிடி போட்டிருக்கிறான். ஆலையிலிருந்து வரும் சர்க்கரைக் கழிவு வேறு கூடை கூடையாக. அவனுக்குத் தெரிந்த விவசாயம் அது, தன் பெண்டாட்டியின் செடிக்கு அதில் எதையும் அவன் குறைக்கவில்லை. ரோஜாவும் கரும்பு மாதிரியே வளர்ந்து நின்றது.

அவன் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வாய்யா. கறுப்பு ரோசாவாம். ஆறு வருசமா நானும் கண்ண தொடச்சிகினு பாக்கறேன், எனக்குத்தான் தெரியல போல. நீயாவது பாத்துச் சொல்லு,” என்றார். மருமகள் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. மருமகள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். டம்ளர் வைக்கிற சத்தம்தான் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

கதையை அவள் கொஞ்சம், அவன் கொஞ்சமாகச் சொன்னார்கள். அவள் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்திக்காரி. அப்பா அங்கே ஒரு பழைய பங்களாவில் தோட்டக்காரர். பங்களாவிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து தன் வீட்டு வாசலில் வைத்தவர் அவர். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கேரட் காட்டில் கூலிக்குப் போய் இவளை வளர்த்தார். கரும்புக்கு வருமுன், கேரட் லோடு ஏற்ற விழுப்புரத்திலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு போனவன்தான் இவன். ஒருநாள் லோடோடு இவளும் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை, ஈரச்சாக்கில் சுற்றிய வேரோடு ஒரு பக்கக்கன்று. கோயிலில் தாலி கட்டியதும் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த எண்ணே புழக்கத்தில் இல்லை.

“பூ ஒண்ணு வந்துட்டா போதும் ணா,” என்றாள் அவள். “நான் சொன்னது பொய் இல்லைன்னு தெரியட்டும்.”

மாமியாருக்காகச் சொன்னாள் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு போகப் போகத் தெரிந்தது. அம்மா வீட்டு வாசலை அவள் ஆறு வருடமாக அந்தச் செடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பூக்கவில்லை என்றால் அந்த வாசலும் இல்லை.

நான் செய்துகாட்டுகிறேன் என்றேன். அவ்வளவு நிச்சயமாக என் வாழ்க்கையில் அதிகம் சொன்னதில்லை. செடியைப் பெரிய மண் கட்டியோடு தோண்டி எடுத்து மேட்டில் வைத்தேன். பெருமுக்கல் பக்கத்துக் கல்லுடைக்கிற இடத்திலிருந்து பொடிக்கல் கொண்டுவந்து மண்ணில் கலந்தேன். மேற்கே தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். யூரியா மூட்டை இருக்கும் அறையின் சாவியை அவளிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். அவன் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டான். தை பிறக்கும்போது செடி கொழுப்பு குறைந்து, தண்டு முற்றி, ரோஜா மாதிரி ஆகியிருந்தது.

மாசியில் கவாத்துக் கத்தரியோடு போனேன். ஊட்டியில் உறைபனி முடிந்து மாசியில்தான் வெட்டுவோம். முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் சித்திரையில் பூ கொட்டும். அந்தப் பழக்கம் கையில் இருந்தது. அதே மாசி இங்கே வெயிலின் முதல்வாசல் என்பது மண்டையில் ஏறவில்லை. திண்டிவனத்து நர்சரியில் மழை முடிந்ததும் வெட்டுவதை வருடா வருடம் நானே செய்தவன். ஆனால் இது மலைச்செடி, மலைக்கணக்குப்படி வெட்டினால்தான் பூக்கும் என்று ஒரு யோசனை.

அவள் பக்கத்தில் நின்றாள். முதல் கிளை விழுந்ததும், “எங்கப்பா இத வெட்டவே மாட்டாரு ணா,” என்றாள்.

“உங்கப்பா பழைய ஆளு மா,” என்றேன்.

அவள் விழுந்த கிளையைக் குனிந்து எடுத்தாள். நான் கத்தரியை நிறுத்தவில்லை.

பங்குனியில் சிவப்புச் சிவப்பாகத் துளிர் வந்தது. மூவரும் சந்தோஷப்பட்டோம். சித்திரை பிறந்து பத்து நாளில் அந்தத் துளிரெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பழைய இலை இருந்திருந்தால் தண்டுக்கு நிழலாவது கிடைத்திருக்கும், அதையெல்லாம் வெட்டித் தள்ளியாயிற்று. தண்டின் மேல் பக்கம் வெந்து பழுப்பானது. தட்டியை இரட்டையாகக் கட்டினேன், ஈரச்சாக்குப் போட்டேன். கத்திரி வெயில் தொடங்கியபோது அடித்தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை.

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காய்ந்த குச்சியைப் பிடுங்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். மாமியார் அன்று கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேத்திக்குப் போய்ப் புதுக் கன்று வாங்கி வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். “எங்கம்மா குடுக்காது. உங்கள வாசல்லியே நிக்க வெச்சிடும்.” மூன்று நாள் கழித்து அவளே வழி சொன்னாள். ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவது, எந்தக் குழாயடியில் திரும்புவது, வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று. “நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க,” என்றாள். பிறகு, “சொல்லுங்க,” என்றாள்.

சேலம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். நர்சரியில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதால் வேலை போய்விட்டது. அது எனக்குப் புதிதல்ல.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தகரக்கூரை வீட்டின் வாசலில் இடுப்புயரத்துக்குப் புதர். அது முழுக்கப் பூ. தட்டையாக விரிந்த சின்னப் பூக்கள், நடுவில் மஞ்சள் மகரந்தம், இதழ் ஒவ்வொன்றும் மேகம் மறைக்கும்போது கறுப்பு, வெயில் பட்டால் ஆட்டு ஈரல் நிறம். நான் ஊட்டியில் பார்த்தது இதுவே இல்லை. அது விடுதிக்காரர்கள் வாங்கி வைத்தது, வருடம் முழுக்கப் பூப்பது. இது அதற்கெல்லாம் முந்தைய ரகம். வெட்டின தழும்பு ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மா சுள்ளிக்கட்டோடு வந்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். கட்டைக் கீழே போடாமலே நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: வாய்க்கால், யூரியா, ஆறு வருட இலை, என் கவாத்து. செடி செத்தது என் கையால் என்பதையும் சொன்னேன்.

“மாசியில வெட்டினீங்களா?” என்றார். “இது போன வருசக் கிளையிலதான் பூக்கும். வெட்டினா அந்த வருசம் பூ இல்லைங்க. அவளுக்குத் தெரியுமே, சொல்லலையா?”

“சொல்லிச்சு. நான்தான் கேக்கல.”

அவர் கட்டை இறக்கினார். திட்டவில்லை. தேயிலைத் தண்ணீர் கொடுத்தார். மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே எவ்வளவு வெயில், இரவிலாவது குளிருமா என்றுதான் கேட்டார். மார்கழியில் ஒரு போர்வை போதும் என்றேன். தலையை ஆட்டினார். கன்று கேட்டேன். முடியாது என்றார்.

“குடுக்கக் கூடாதுன்னு ஒண்ணுமில்லீங்க. அடியில பத்து கன்னு இருக்குது. ஆனா இதுக்கு உறைபனி வேணும். பனி படலைன்னா எத்தனை வருசம் வெச்சிருந்தாலும் இலைதான். நீங்க வெட்டலைன்னாலும் அங்க பூத்திருக்காது.” கொஞ்ச நேரம் புதரையே பார்த்தார். “வருசத்துக்கு ஒரு தடவை, இப்பத்தான். இன்னும் பத்து நாள் தாங்கும். பாக்கணும்னா வரச்சொல்லுங்க.”

மகளோடு பேசட்டும் என்று என் போனை நீட்டினேன். “போன்ல என்ன பேசறது,” என்று உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது ஒரு பூவை ஈரப்பஞ்சோடு டிபன் டப்பாவில் வைத்துக் கொடுத்தார். சேலத்தில் திறந்து பார்த்தபோது இதழெல்லாம் உதிர்ந்திருந்தது. காணையில் அதை முற்றத்தில் திறந்து வைத்தேன். அவள் ஒரு இதழை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மாமியாரிடமும் நீட்டினாள்.

“வாடினா எந்தப் பூவுந்தான் கறுப்பு,” என்றார் மாமியார்.

கேத்தியம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவன்தான் கரும்பைப் பற்றி ஆரம்பித்தான்: இந்த வெயிலில் நாலு நாள் தண்ணீர் இல்லை என்றால் தோகை சுருண்டுவிடும், த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது, விட்டுவிட்டு எப்படிப் போவது. அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அந்த நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால் அவ்வளவோடு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மோட்டாரை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத்தான் வேலை இல்லையே என்றேன்.

மாமியார் என்னிடம் திரும்பி, “அந்தம்மா தனியாவா இருக்குது?” என்றார்.

“தனியாத்தான்.”

“வெறகு அதுவேதான் சுமக்குதா?”

“ஆமா.”

அவர் எழுந்து உள்ளே போனார். அரை மூட்டை மல்லாட்டைக் கடலையை இழுத்துக்கொண்டு வந்து மகன் காலடியில் போட்டார். “சம்மந்தி வூட்டுக்கு மொத தபா போற. வெறுங்கையோட போயி நிக்காத. கரும்பு ஓடிப் போயிடாது. நாளைக்கே ஜல்தியா கெளம்புங்க, பூவு கொட்டிடப் போவுது.”

மறுநாள் விடியலில் போனார்கள். நான் பம்பு செட்டில் படுத்துக்கொண்டு, கரண்ட் வரும்போதெல்லாம் மடை திருப்பினேன். அவன் அம்மா மூன்று வேளையும் கேப்பைக்களி கொண்டுவந்து வைத்து, போன் வந்ததா என்று கேட்பார். நான்காம் நாள் மாலைதான் அவன் பேசினான்.

“எறங்கினதும் ஒரே பேஜாரு ணா. அவங்க ஆத்தாளும் பொண்ணும் செடிக்கு அந்தப்பக்கம் ஒருத்தரு, இந்தப்பக்கம் ஒருத்தரு, நின்னுகினே இருந்தாங்க. நான் மூட்டைய எங்க எறக்கறதுன்னு தெரியாம தோள்லயே வெச்சிகினு இருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்குத் தெரியாது, என்ன வெளிய வுட்டுட்டு ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க. இப்ப வரைக்கும் பேசிகினுதான் இருக்காங்க.” குரலைத் தாழ்த்தினான். “ணா, பூவு முழுசா கறுப்புன்னு சொல்ல முடியாது, இல்ல? கருஞ்செவப்புதான?”

“அங்க யார்கிட்டயாவது சொன்னியா?”

“எனக்கென்ன பைத்தியமா.”

அவனிடம் கேத்தியம்மா பேசினாரா என்று கேட்டேன். இரண்டு நாள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். இன்று காலை கேரட் காட்டுக்குப் போகும்போது களைக்கொட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, கூட வா என்று தலையை அசைத்தாராம். நாள் முழுக்கக் களை எடுத்ததில் விரல் விறைத்து, போனை ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை என்றான். மேலே ஏதோ சொல்ல வந்தவன், அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.