முந்தானையில் மூன்று மலைகள்

தம்பிக்குப் பெண் நிச்சயமான அன்றே சொல்லிவிட்டேன், கல்யாணத்துக்கு நான் உடுத்தப்போவது பருத்திப் புடவைதான் என்று. எங்கள் சமண வீடுகளில் பட்டு உடுத்துகிறவர்களும் உண்டு, உடுத்தாதவர்களும் உண்டு. மகள் பிறந்த வருஷம், பட்டுக்கூடுகளைக் கொதிநீரில் போடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதிலிருந்து நான் பட்டைத் தொடுவதில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்.

"மாப்ள அக்கா நீ. மேடையில வந்து நிக்கப்போறவ. வெறும் நூல் பொடவையிலயா நிப்ப?"

"வெறும் பொடவை இல்லம்மா. நானே பூவேலை போடப்போறேன். பட்ட விட்டுட்டு எல்லாரும் இதத்தான் பாப்பாங்க, இருந்து பாரு."

வாய் சொல்லிவிட்டது. கைக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று அப்புறம்தான் யோசித்தேன். கல்யாணத்துக்கு நாலரை மாதம் இருந்தது. எனக்கு அனந்தபுரத்தில் பள்ளிக்கூட வேலை. வீட்டில் முட்டிவலிக்கார மாமியார், நெல் மண்டி வைத்திருக்கும் கணவர், ஏழாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சாயங்காலம் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமாக வந்து, சூரியன் மறைவதற்குள் சமைத்து, ஐந்து பேரும் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். தெருவே டீ குடிக்கும் நேரத்தில் நான் ராச்சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்பேன்.

கடுகுப்பூ நிறத்தில் ஒரு புடவை எடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெல்லிய பச்சைக் கரை. முந்தானையில் எங்கள் ஊரின் மூன்று மலைகளையும், அவற்றைச் சுற்றி ஓடும் கோட்டை மதிலையும் பென்சிலால் வரைந்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிற மலைகள்தான். அதனால் மாதிரிப் படம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் தைத்தேன். பஸ் நின்றால் ஊசி ஓடும், பஸ் ஓடினால் ஊசி நிற்கும். ரேஷன் கடை வரிசையில் மதிலுக்குச் சங்கிலித் தையல். மகன் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது பாறைகளுக்குக் காம்புத் தையல். எட்டாம் வாய்ப்பாட்டில் அவன் தப்பு விட்டால் என் விரலில் ஊசி ஏறும். இடையில் மாமியாருக்குப் புதுச்சேரியில் முட்டி ஆபரேஷன் நடந்தது. உள்ளே அவர் இருந்த அந்த நான்கு மணி நேரமும் பயத்தை மறக்க ஊசியை ஓட்டினேன். மூன்றில் பெரிய மலையான ராஜகிரியின் வலது சரிவு முழுவதும் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் முளைத்தது.

கணவர் மண்டியிலிருந்து வந்ததும் கேட்பார்: "இன்னா, இன்னிக்கி எவ்ளோ தூரம் ஏறின?"

"பாதி மலை."

"மூச்சு வாங்குதா?"

கேலிதான். ஆனால் ஒருநாளும் கேட்க மறந்ததில்லை.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கடைசி முடிச்சைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை. புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று திரும்பி நின்றேன். மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, மலையெல்லாம் தொங்குதும்மா."

எனக்குப் புரியவில்லை. செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள். மூன்று மலைகளும் தலைகீழாக, வௌவால்களைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. துணியை மடியில் போட்டு வரைந்தபோது, மலையுச்சிகள் முந்தானையின் ஓரத்தைப் பார்த்தபடி இருக்க வரைந்திருக்கிறேன். தோளில் போட்டு முதுகில் விட்டால் அந்த ஓரம் கீழே போய்விடும், உச்சிகளும் கூடவே போய்விடும் என்பது நாலு மாதத்தில் ஒரு தடவைகூட என் புத்தியில் தட்டவில்லை.

முதலில் சிரித்தது மாமியார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. "மல உருண்டு வந்து என் கால்ல வுழப்போவுது," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிரித்துப் போட்டால் துணி முழுக்க ஊசித் துளையாகிவிடும். வேறு புடவையில் புதிதாகப் போட நாள் இல்லை.

மறுநாள் பஸ்ஸில், முகம் துடைத்த கைக்குட்டையை மடியில் விரித்தேன். ஒரு மூலையில் சின்னப் பூ, தலைகீழாக இருந்தது. கைக்குட்டையைப் புரட்டாமல், மடியிலேயே அரைவட்டம் சுற்றித் திருப்பினேன். பூ நிமிர்ந்துகொண்டது. அனந்தபுரம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

"அத்த, முந்தானைய வெட்டப்போறேன்," என்றேன் அன்று சாயங்காலம்.

"இன்னாது? கல்யாணத்துக்குக் கட்டற பொடவையில கத்திரி வெக்கறதா?"

"வெட்டி, தலைகீழாத் திருப்பி, மறுபடி சேக்கப்போறேன் அத்த. ரெண்டு கரையும் ஒண்ணுதான, மாத்தி வந்தாலும் தெரியாது."

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "தனியா வெட்டனா கோணிக்கும். குடு, நான் இழுத்துப் புடிச்சிக்கிறேன்."

"என்னால பாக்க முடியாதுப்பா," என்று கணவர் வெளியே போய்விட்டார். மலையடிவாரத்தைத் தாண்டி ஒரு நூலை உருவி அடையாளம் வைத்து, அந்தக் கோட்டிலேயே வெட்டினேன். அவ்வளவு நாள் உழைப்பு புடவையிலிருந்து தனியாகப் பிரிந்து விழுந்தபோது, பயத்துக்குப் பதிலாக ஒரு தைரியம் வந்தது. இதற்குமேல் கெட ஒன்றுமில்லை.

வெறுமனே மூட்டித் தைக்க மனம் வரவில்லை. இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் வலைப்பின்னல் போட்டு இணைத்தேன். அத்தனை நாளும் சாயங்காலச் சமையல் கணவர் கைக்குப் போனது. அவருக்குத் தெரிந்தது எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம் மூன்றும்தான். முறைவைத்து வந்தன. பிள்ளைகள் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம் பின்னல் முடிந்தது. கட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். கடுகுப்பூ வயலுக்குமேல் வெள்ளை மேகம் ஒன்று படுத்திருந்தது. அதன்கீழ் மூன்று மலைகளும் நிமிர்ந்து நின்றன. அந்த மேகத்தை நான் வரைந்திருக்கவே முடியாது.

மண்டபத்தில் பட்டுப்புடவைகள் என்னைச் சுற்றி நின்றன. பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் பின்னலைத் தடவித் தடவிப் பார்த்தார். "நூல்லியா இது? எந்த ஊர்ல வாங்கன?"

நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "வாங்கல. என் மருமவ போட்டது. நான் புடிச்சிக்கினேன், அவ வெட்டனா." அதை அன்று அவர் எத்தனை பேருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

"வேல, புள்ளைங்க, வூடு... எங்கம்மா நேரம் கெடைக்குது உனக்கு?" என்றார் பெரியம்மா.

"கெடைக்கல பெரிம்மா, புடுங்கிக்கினேன்," என்றேன்.

எங்கள் குடும்பத்தைப் படம் எடுக்க மேடைக்கு அழைத்தார்கள். அம்மா என் பக்கத்தில் நின்றார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிய நேரத்தில் என் தோளைப் பிடித்து, "நீ திரும்பி நில்லுடி," என்றார் அம்மா. திரும்பி நின்றேன். எல்லோரும் முகம் காட்டிச் சிரிக்கும் அந்தப் படத்தில், நான் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.