துரியோதனனுக்குத் தலைவலி

செஞ்சியில் தாண்டவராயன் வீடு எது என்று கேட்டால், எந்தத் தாண்டவராயன் என்பார்கள். துரியோதனன் வீடு எது என்று கேட்டால் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். ஆண்டு முழுவதும் அவர் மண்டியில் கடலை மூட்டை சுமப்பவர். திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்தில் மட்டும் கல்யாணமுருங்கைக் கட்டையில் செய்த கிரீடத்தைச் சுமப்பார். கடைசி நாள் படுகளம் என்னும் போர்க்களக் காட்சியில் பீமனிடம் அடிபட்டுச் சாவார். அப்படிச் சாவதற்கு வேறு ஆளில்லை என்பது ஊரின் கருத்து. ஆள் இருக்கிறான், அது நான்தான் என்பது பீமனாக வரும் சகலை விநாயகத்தின் கருத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில், திருவிழா நெருங்கும் நேரத்தில், மூட்டை தூக்கித் தூக்கித் தாண்டவராயனுக்குக் குடல் இறங்கிவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, ஆள் விழித்திருக்கும்போதே தைத்து முடித்தார்கள்.

“என் தொடைய நானே தொட்டுப் பாத்தேன். பக்கத்து வூட்டுக்காரன் தொடைய தொட்டாப்பல இருந்துச்சி” என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான். எழுந்து உட்கார்ந்தார், பின்மண்டையிலிருந்து கழுத்துவரை பிளந்தது. படுத்தார்; சுவிட்சை அணைத்த மாதிரி வலி போயிற்று. எழுந்தார், சுவிட்சைப் போட்ட மாதிரி வந்தது.

“ஊசி போட்ட ஓட்டை வழியா தண்டுவடத்துத் தண்ணி கொஞ்சம் கசியுது. நிமிர்ந்தா மூளைக்குத் தாங்கல் குறைஞ்சி வலிக்கும். சில பேருக்கு இப்படி வரும். தானா மூடிக்கும், பயப்படாதே. படுத்திரு, தண்ணி நெறைய குடி, காபியும் குடி” என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது, குதிக்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அறுத்தது கீழே, வலிப்பது மேலே. இதைச் செஞ்சிக்கு எப்படிப் புரியவைப்பது? வீட்டில் அவர் படுத்தபடியே கதை சொன்னார், களி தின்றார், பாட்டும் பாடினார். எழுப்பினால் ஓலம்.

பார்க்க வந்த விநாயகம் கையைத் தட்டினான். “இன்னா சகல, படுத்தா சிரிக்கிற, எழுந்தா அழுவுற! நடிப்ப படுகளத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வெய்யி.”

நல்ல நடிகனாக இருப்பதில் இப்படி ஒரு தொல்லை.

தர்மகர்த்தா இராமச்சந்திரன் வந்தார். “ஓட வேணாம், குதிக்க வேணாம். ஆனா கிரீடத்துக்கு நிக்கிற தலை வேணும் தாண்டவராயா. உன்னால ஆவலன்னா சொல்லிடு, விநாயகம் வேஷம் கட்டறேன்றான்.”

தாண்டவராயனுக்குத் தெரியும்: கைமாறிய கிரீடம் திரும்பாது. முந்தைய துரியோதனன் அம்மை போட்டுப் படுத்த வருஷம்தான் அது அவர் தலைக்கு வந்தது. அவனுக்கு அம்மை இறங்கியது, இவர் தலையிலிருந்து கிரீடம் இறங்கவில்லை.

கதவோரம் நின்ற தாண்டவராயன் மனைவி மீனம்பாள் தர்மகர்த்தாவைக் கேட்டாள்: “ஏங்க, பதினெட்டாம் நாளு துரியோதனன் எங்க இருந்தான்? மடுவுல ஒளிஞ்சிக்கினுதானே இருந்தான்? இந்த ஆளும் ஒரு பள்ளத்துல படுத்துக்கினு இருக்கட்டும். பீமன் கூப்டா எழுந்து ஒரு அடிய வாங்கிக்கினு வுழட்டும்.”

பாரதத்தையே சாட்சிக்கு இழுத்துவிட்டாள். தர்மகர்த்தா பள்ளம் வெட்ட ஆள் பார்க்கப் போனார்.

படுகளத்தன்று மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, துரியோதனனைப் படுக்கவைத்தே கொண்டுவந்தார்கள். தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் மல்லாந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் பள்ளம். அதன்மேல் பச்சைத் துணி, அதுதான் மடு. மடுவுக்குள்ளிருந்து காபி வாசனை வந்தது.

விநாயகம் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து கூப்பிட்டான். தாண்டவராயன் எழுந்தார். எழுந்த பிறகுதான் விநாயகத்தின் சூழ்ச்சி தெரிந்தது. அடிக்கவே காணோம். அரக்கு மாளிகையில் ஆரம்பித்து, சூதாட்டத்துக்கு வந்து, சேலை உரிந்ததை விலாவாரியாகப் பேசிக்கொண்டே போனான். நிற்க முடியாமல் தானே ஓடிவிடுவார், கிரீடம் தன் கைக்கு வரும் என்று கணக்கு.

தாண்டவராயன் இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். கண் சொருகியது, கழுத்து விறைத்தது, உதடு துடித்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

“அடிச்சித் தொலைடா!” என்றார் பல்லைக் கடித்தபடி. முன்வரிசை அதையும் வசனம் என்று எடுத்துக்கொண்டு, “அடி, அடி!” என்று கத்தியது.

இனி பீமன் என்ன செய்வான்? மண் தொடையில் ஓங்கி அடித்தான். உள்ளே பானையில் புதைத்திருந்த சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. தாண்டவராயன் பைய மண்மேல் சாய்ந்து மல்லாந்தார். சுவிட்சு அணைந்தது. முகத்தில் அப்படியொரு சிரிப்பு மலர்ந்தது.

“சாவுறப்பக்கூட சிரிக்கிறாம் பாரு. ராசா ராசாதான்!” என்று கூட்டத்திலிருந்த காத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விநாயகம் குனிந்தான். “சிரிக்காத சகல, நீ செத்துட்ட.”

“நீ பேசின பேச்சுக்கு செத்ததே மேலு.”

கிரீடம் தாண்டவராயன் வீட்டுக்கே போயிற்று. சில நாளில் தலைவலி தானே போய்விட்டது. மறுவருஷம் திடகாத்திரமாக நின்று, முறையாக அடிபட்டு, முறையாகச் செத்தார். “போன வருசம் மாதிரி இல்லியே” என்று காத்தாயி உதட்டைப் பிதுக்கினாள். அந்தச் சிரிப்புக்காக அவர் எத்தனையோ முயன்றும் பல் தெரிந்ததே தவிர, சிரிப்பு வரவில்லை.

விநாயகம் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: “இன்னொரு ஊசி போட்டுக்கினு வா சகல.”