நாலு பத்து வண்டி

ஓடுகிற பஸ்ஸில் எல்லோரும்தான் ஆடுவார்கள். அதனால் கண்டக்டர் ஆடியதை இரண்டு வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் 'ரைட்டு' என்று குரல் கொடுத்தால் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸும் கிளம்பிவிடும் என்பார்கள். அந்தச் சொல்லே டிப்போவில் அவருக்குப் பெயராகிவிட்டது. தரையில் இறங்கி நடந்தபோதுதான் வம்பு. பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார் என்று பேச்சு கிளம்பியது. ஒரு சொட்டுகூடத் தொட்டறியாத மனுஷன் பாவம், வாயை ஊதிக் காட்டாத குறை.

கடைசியில் அது நரம்புகளை மெல்ல மெல்ல அரிக்கும் பரம்பரை நோய் என்று தெரிந்தது. அப்பாவிடமும் அம்மாவிடமும் வெளியே தெரியாமல் இருந்த கோளாறு, இரண்டு பக்கமிருந்தும் இவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அக்காவுக்கு நோய் இல்லை. அதற்காக அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை. தம்பியை வீட்டுக்கு அழைத்துவந்து, ஜன்னலோரம் கட்டில் போட்டு, அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நோய் இதயத்தையும் விடாது, அதன் தசை தடித்துத் துடிப்பு தாறுமாறாகும், காலைவிட அதற்குத்தான் பயப்படவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் வேலை. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் கிடைக்கும். பஸ்ஸில் ஏற முடியாவிட்டாலும் அதன் சத்தத்துக்குள் உட்காரலாமே என்று ரைட்டு ஏங்கினார். அப்படி ஏங்கினார்.

சான்றிதழுக்கு முன்னால் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் சின்ன மெஷின் கட்டி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பை அது பதிவு செய்யும். எப்போதும்போல நடமாட வேண்டும், எந்த நேரத்தில் என்ன செய்தார் என்று எழுதவும் வேண்டும். ரைட்டு வேறு கணக்குப் போட்டார். அசையாமல் கிடந்தால் இதயமும் சமர்த்தாக இருக்கும், வேலை கைக்கு வந்துவிடும். கூப்பிட்டாலும் திரும்பாமல் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். தாள் முழுக்க 'படுத்திருந்தேன்' என்றே எழுதினார். திட்டலாம் என்று வந்த அக்கா, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் பதிவைப் புரட்டினார். படுத்துக் கிடந்தபோதே மூன்று முறை துடிப்பு தடம் மாறியிருந்தது. மாத்திரை தொடங்கவேண்டும், சான்றிதழைப் பிறகு பார்க்கலாம் என்றார். ரைட்டு தலையைக் குனிந்துகொண்டார். வேலைக்கு அதுவரை ஆள் போடாமல் வைத்திருப்பார்களா என்ன?

டாக்டர் ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே துடிப்பு தடம் மாறவில்லை, மாடிப்படி ஏறியவருக்குப்போல வேகம் மட்டும் கூடியிருந்தது.

"நாலு பத்துக்கு என்ன செஞ்சீங்க? இதுல படுத்திருந்தேன்னு எழுதியிருக்கீங்க."

ரைட்டு அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குத் தெரியும். அவருடைய பழைய பஸ் தெருமுனையில் திரும்பும் நேரம் அது. கூட வேலை பார்த்த டிரைவர் தினமும் அவருக்காக இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அன்றைக்கும் அடித்தார். கதவோரம் நின்ற அக்கா பார்த்தாள்: தம்பியின் கை நெஞ்சில் விசில் தொங்கிய இடத்துக்குப் போய், ஒயரில் பட்டு நின்றது. உதடு மட்டும் குவிந்தது.

"சொல்லுடா" என்றாள்.

நோயால் வார்த்தைகள் குழறுமே என்று ரைட்டு நிதானமாகச் சொன்னார்.

"பொய்யா எழுதிட்டேன் டாக்டர். அந்த நேரம் மட்டும் நான் டூட்டியில இருந்தேன்."