பாயிண்ட்ஸ் கொடுத்து வாங்கிய ரூமும் சும்மா கிடைத்த ரூமும்

1. வெந்நீர்க் குழாய்

அந்தச் சனிக்கிழமை காலையில் தோட்டத்துப் பக்கத்து ரூம் ஒன்றில் வெந்நீர்க் குழாய் வெடித்துவிட்டது. டிசம்பர் மாதம். கங்கைக் கரை ரிசார்ட். கல்கத்தாவிலிருந்து ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்கள். வெந்நீர் இல்லாத ரூமை அந்தக் குளிரில் யாருக்கும் கொடுக்க முடியாது. தோட்டத்து ரூம்கள் மொத்தமும் விற்றாகிவிட்டது. ஆக, எங்களிடம் இருக்கும் ரூமைவிட ஒரு பார்ட்டி அதிகம்.

நந்தினி, நீ அடுத்த மாதம் ஒரு ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆஃபீஸ் டிரெயினியாகச் சேருகிறாய். அதனால்தான் அப்பா இதை எழுதுகிறேன். முரளியும் படிக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் வங்காளத்தைத் தடதடவென்று படிக்கிறவர்கள், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள். ஆகவே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். நானும் பன்னிரண்டாவதோடு நின்றவன். பெரிய வாக்கியம் எனக்கும் வராது.

காலையில் டெஸ்க்குக்கு வந்ததும் முதல் வேலை ப்ளாக்கிங். அன்று வருகிறவர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு யாருக்கு எந்த ரூம் என்று கம்ப்யூட்டரில் போட்டு வைப்பது. ரூம் பற்றாவிட்டால் ஒரு வழி உண்டு. கீழே புக் செய்தவர் ஒருவரை மேல் வகை ரூமுக்கு ஏற்றிவிடுவோம். கூடுதல் காசு வாங்க மாட்டோம். அன்று மாடியில் ஒரு ரிவர் சூட் காலியாக இருந்தது. ஆற்றைப் பார்த்த பால்கனியோடு இருக்கும் பெரிய ரூம் அது. யாரை ஏற்றுவது? ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவரை. அப்போதுதான் மறுநாள் சூட் கைக்குத் திரும்பி வரும். எனக்கு டெஸ்க் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னது இது. எல்லா ஹோட்டலிலும் இதுதான்.

தோட்டத்து லிஸ்டில் ஒரு ராத்திரிக்காரர் ஒருவர்தான் இருந்தார். பிரவீன் குமார் என்று பெயர். கூட மனைவி. ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் வந்தார்கள். பிரவீனுக்குக் கல்கத்தா நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்யாணமாகி சில மாதம். நான் பேசிய இங்கிலீஷைக் கேட்டே நான் தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டான்.

“நீங்க தமிழுங்களாண்ணா?”

“ஆமா தம்பி. ஹவுரா பக்கம், சாந்த்ராகாச்சி.”

“நாங்க ஈரோடு பக்கமுங்க. இங்க ஒரு தமிழாளைப் பாப்பம்னு நெனக்கவே இல்லீங்.”

சூட் விஷயத்தைச் சொன்னேன். கீழே ரிப்பேர், இன்றைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும், வெளியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கல்யாணமான புதிதில் ஆற்றங்கரை பால்கனி கிடைத்தவர்கள் வெளியே சொல்லாமல் இருப்பார்களா? நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

பக்கத்து சூட்டுக்கு அதே மத்தியானம் மித்ரா பாபுவும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் மருந்துக் கம்பெனி சேல்ஸில் இருப்பவர். எங்கள் ஹோட்டல் குரூப்பில் மெம்பர். ஊர் ஊராக எங்கள் ஹோட்டல்களில் தங்கத் தங்க அவர் கணக்கில் பாயிண்ட்ஸ் சேரும். வருஷக்கணக்காகச் சேர்ந்ததைக் கழித்துக்கொண்டு தோட்டத்து ரூமை இரண்டு ராத்திரிக்கு ரிவர் சூட்டாக மாற்றிக்கொண்டிருந்தார். செக்-இன் பண்ணும்போது மனைவியிடம், “பாத்தியா, இது காசுக்கு வாங்குனது இல்ல, சம்பாதிச்சது” என்று வங்காளத்தில் சொன்னார். அந்த அம்மா ஹேண்ட்பேகைத் தோளில் சரி செய்துகொண்டு நின்றார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வருஷா வருஷம் காண்ட்ராக்ட். என்னுடையது அந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஃபைல் ஹெட் ஆஃபீஸில் இருந்தது. இந்த மாதம் உன் பெயரில் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரக் கூடாது என்று எங்கள் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

2. பிரேக்ஃபாஸ்ட் டேபிளில்

ஞாயிறு காலை. இரண்டு ஜோடியும் பக்கத்துப் பக்கத்து டேபிள். லூச்சியை, அந்த மைதா பூரியை, எதோடு சாப்பிடுவது என்று பிரவீன் மனைவி கேட்க, மித்ரா பௌதி சொல்லிக்கொடுத்திருக்கிறார். பௌதி என்றால் அண்ணி, உங்களுக்குத் தெரியும். பேச்சு அப்படியே ரூமுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் அரைகுறை ஹிந்தியில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறது: எங்களுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள், டெஸ்க்கில் இருப்பவர் எங்கள் ஊர்க்காரர்.

அதற்கு அப்புறம் நடந்ததை என் கூட வேலை செய்யும் சுஜாதாதி வந்து சொன்னாள். எனக்கு அவள் ‘தி’, அக்கா; அவளுக்கு நான் ‘மணிதா’, மணி அண்ணா. பௌதி புருஷனைப் பார்த்துக் கேட்டது இதுதான்: “மாசத்துல பாதி நாள் பாட்னா, ராஞ்சின்னு கெடந்தது இதுக்குத்தானா? சும்மா குடுக்குற ரூமுக்கா?”

மித்ரா பாபு சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு டெஸ்க்குக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். மெதுவாகப் பேசுகிறவர்கள்தான் சிரமம்.

“உங்க பேரு?” என்று என் பேட்ஜைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சுப்பிரமணியன், சார்.”

“அந்தப் பையனும் மெட்ராஸ் பக்கம். நான் சேத்த பாயிண்ட்ஸ் எல்லாத்தையும் கொட்டி வாங்குனேன். நிஜேர் லோக்னா சும்மா. அப்படித்தானே?”

நிஜேர் லோக். சொந்த ஆட்கள். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்த பாஷையிலேயே சண்டை போட்டு வளர்ந்தவன் நான். இந்த வார்த்தை என் பக்கம் திரும்பும் என்று நினைத்ததில்லை.

குழாய் வெடித்ததைச் சொன்னேன். ஒரு ராத்திரி விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“குழாயும் பாத்து உங்க ஆளுங்களுக்காகத்தான் வெடிக்குமா?” என்றார். ஹெட் ஆஃபீஸுக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பெயரைப் பார்த்தேனா? பார்த்தேன். பெயரைப் பார்க்காமல் எப்படி ப்ளாக் பண்ணுவது? நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. ஆனால் அது ரூமைப் போட்டு முடித்த பிறகு வந்த சந்தோஷம். எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று இன்னொருத்தருக்கு எப்படிக் காட்டுவது? இத்தனை வருஷ டெஸ்க் வேலையில் அப்படி ஒரு களைப்பு எனக்கு வந்ததில்லை.

3. டிராலி இறங்கியது

பிரவீன் அன்று காலையில் எழுந்ததுமே இன்னொரு ராத்திரி இருக்கிறோம் என்று டெஸ்க்குக்கு போன் பண்ணியிருந்தான். சுஜாதாதி சரி என்று அதே சூட்டிலேயே போட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் கீழ் ரூமின் குழாயும் சரியாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஜி.எம். கூப்பிட்டார். சேர்மனுக்கு வேண்டியவர் சாயங்காலம் வருகிறார், ஒரு ரிவர் சூட் வேண்டும் என்றார். எல்லா சூட்டிலும் ஆள் இருக்கிறது என்றேன்.

“அந்த மித்ராவை இறக்கிடு. பாயிண்ட்ஸ்தானே? திருப்பிக் குடுத்துடலாம்.”

“அது கன்ஃபர்ம் ஆனது, சார். பாயிண்ட்ஸ் கழிச்சாச்சு. அவரா சம்மதிக்காம தொட முடியாது.”

“அப்போ உன் ஆளுங்களை இறக்கு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கம்ப்ளெயின்ட் அவர் காதுக்கும் போயிருந்தது, அவ்வளவுதான். அவருக்கும் அவர்கள் என் ஆட்கள்.

பிரவீனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். காசுக்கு வாங்கிய ரூம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் முகம் விழுந்துவிட்டது.

“நம்மூர்க்காரரா இருந்துட்டு நீங்களே இப்பிடிப் பண்றீங்களேங்ணா. அம்மாகிட்ட வீடியோல பால்கனியெல்லாம் காட்டிட்டமுங்க.”

ரூல் என்று சொன்னேன். அந்த வார்த்தை எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பெண் காயாத துண்டுகளைத் தனிப் பையில் போட்டு அதைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கியது. பெட்டிகள் டிராலியில் வந்தன. காலையில் ஒருவர் நீ உன் ஆளுக்குக் கொடுத்தாய் என்றார். சாயங்காலம் என் ஆள் நீ என்னிடமிருந்து பிடுங்கினாய் என்கிறான். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மித்ரா தம்பதி லாபியில் டீ குடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராலி தோட்டத்துப் பக்கம் போனதும் பௌதி எழுந்து டெஸ்க்குக்கு வந்தார். பின்னாலேயே அவரும்.

“அவங்களை ஏன் மாத்துறீங்க?” என்று பௌதி கேட்டார்.

“இன்னொருத்தருக்கு சூட் தேவைப்படுது, பௌதி.”

“எங்க ரூமை ஏன் கேக்கல?”

“கேக்க முடியாது. அவங்களுக்குச் சும்மா வந்துச்சு. சும்மா வந்ததை நாங்க எப்ப வேணும்னாலும் திருப்பி எடுத்துக்கலாம். உங்க ரூமை சேர்மனே வந்தாலும் எடுக்க முடியாது. சார் வெளியூர்ல கழிச்ச ராத்திரியெல்லாம் சேந்துதான் அந்த ரூம்.”

பௌதி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். மித்ரா பாபு டெஸ்க்கின் மேலிருந்த பூ ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பௌதி மறுபடி என்னிடம் கேட்டார்:

“நீங்க தினம் வீட்டுக்குப் போவீங்களா?”

“வாரத்துல ஒரு நாள். மத்த நாள் இங்கேயே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்.”

“உங்களுக்கும் அதுக்குப் பாயிண்ட்ஸ் உண்டா?”

“ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கு இன்னும் அந்த ஸ்கீம் வரல, பௌதி.”

பௌதி சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மித்ரா பாபுவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “நான் காலைலயே மெயில் அனுப்பிட்டேன்” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இன்னொண்ணு அனுப்பு” என்றார் பௌதி.

4. ஜனவரி லிஸ்ட்

இன்னொன்றும் அனுப்பினார். அந்த வாரமே ஜி.எம். எனக்குப் படித்துக் காட்டினார். டெஸ்க்கில் இருந்தவர் ரூல்படி கொடுத்தார், ரூல்படியே எடுத்தார், காலையில் நான் எழுதியது அவசரத்தில் எழுதியது என்று இருந்தது. நல்ல மனிதர். ஆனால் ஹெட் ஆஃபீஸில் ஒரு கம்ப்ளெயின்ட் பதிவாகிவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். இரண்டாவது மெயில் வந்து முதலாவதை அழிக்காது. என் காண்ட்ராக்ட் வந்தது. வழக்கமான ஒரு வருஷத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு வந்தது. உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, வந்ததே போதும் என்று இருப்போம் என்றாள்.

அதற்கப்புறம் என்னிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தமிழ் கெஸ்ட் வந்தால் இங்கிலீஷில் பேசுவேன். அவர்கள் தமிழில் கேட்டாலும் நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். சிலர் என்னைத் தெலுங்கு என்று நினைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் மறுபடி ரூம் பற்றவில்லை. லிஸ்டைப் பார்த்தேன். ஒரு ராத்திரிக்காரர் ஒருவர். லட்சுமி நாராயணன், கல்கத்தா கார்டன் ரீச்சிலிருந்து. அவருக்குக் கீழே இரண்டு ராத்திரி தங்கும் சென் என்ற ஒரு வங்காளிக் குடும்பம். மௌஸ் தானாக சென் பெயருக்குப் போனது. அவர்களுக்குப் போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஜி.எம். கேட்க மாட்டார். ஹெட் ஆஃபீஸ் கேட்காது. அந்த நாராயணனுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியப்போவதில்லை. எனக்கும் ஆறு மாதம் சத்தமில்லாமல் ஓடும்.

கையை எடுத்துவிட்டு சுஜாதாதியைக் கூப்பிட்டேன். வாயில் கேக்கோடு வந்தாள். லிஸ்டைக் காட்டி, யாரை ஏற்றலாம் என்று கேட்டேன்.

“இதுல என்ன கேள்வி, மணிதா? ஒரு ராத்திரி இவர்தானே” என்று நாராயணன் பெயரில் விரலை வைத்தாள். “இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன். தெரிந்தால் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டேன்.

நந்தினி, உன் பேட்ஜிலும் என் பெயர் சேர்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்து ஒருத்தர் உன்னைத் தன் ஆள் என்பார், இன்னொருத்தர் நீ வேறு ஆள் என்பார். நம்ம ஆள் என்று யாரையும் தூக்கி மேலே வைக்காதே. நம்ம ஆள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஒருத்தருக்குச் சேர வேண்டியதைத் தள்ளியும் விடாதே. இரண்டாவதுதான் சுலபமாக நடந்துவிடும், யாருக்கும் தெரியாது. உனக்கே சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டு. அதற்கு அப்புறமும் சொல்கிறவர்கள் சொல்வார்கள். அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று நாராயணனும் அவர் மனைவியும் வந்தபோது லாபியில் நல்ல கூட்டம். ஜி.எம். டெஸ்க்குக்குப் பக்கத்திலேயே நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் என் பேட்ஜை உற்றுப் பார்த்துவிட்டு, “தமிழாப்பா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன். “வாங்க. மாடியில ஆத்தைப் பாத்த ரூமாப் போட்டிருக்கேன். இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும்.”